முதலாளி ஆகப் போன எட்டு நாள்

ஐம்பது வயது முடிவதற்குள் முதலாளி ஆகிவிடுவது என்று தீர்மானித்தேன். இது நடந்தது 2002-இல். துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் கிரேன் ஓட்டிவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ராயபுரம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். விருப்பம் என்னுடையது. ஓய்வுதான் கிடைக்கவில்லை. என் மனைவி பெயர் சிலுவையம்மாள். மற்றவர்கள் தவக்காலத்தில் நாற்பது நாள் சிலுவை சுமப்பார்கள். எனக்கு வருஷம் முழுக்கத் தவக்காலம்.

முதலாளி ஆக வழி காட்டியவர் அய்யாத்துரை. டை கட்டிய மனிதர். வீடு வீடாகப் போய்ப் பூச்சி மருந்து அடிக்கும் ஒரு கம்பெனியின் ஆள். பேப்பரில் விளம்பரம் பார்த்துப் போன் பண்ணினேன். காப்பிக் கடைக்கே வந்துவிட்டார். ஒன்றரை லட்சம் கட்டினால் ராயபுரம் முழுக்க அந்தக் கம்பெனி பெயரில் நான் தொழில் செய்யலாம். அதற்கு ஃபிரான்சைஸ் என்று பெயராம்.

“சார், ராயபுரத்துல கரப்பான் இல்லாத வீடு ஒண்ணு காட்டுங்க பாப்போம். ஒரு முட்டைக் கூட்டுல முப்பது, நாப்பது குஞ்சு. அத்தனையும் உங்க வருமானம்.”

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். வருமானத்தை நினைத்து இல்லை.

எழுபது அடி உயரத்தில் தனியாக உட்கார்ந்து இருபது டன் பெட்டியைத் தூக்கி இறக்கியவன் நான். குனிந்து பார்த்தால்கூடத் தலை சுற்றாது. ஆனால் ஒரு கரப்பான் சுவரில் நின்று மீசையை ஆட்டினால் அந்த அறையில் நான் இருக்க மாட்டேன். வீட்டில் கரப்பான் வந்தால், “பாவம், அதுவும் ஒரு உயிரு” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவேன். சிலுவை துடைப்பத்தால் கதையை முடித்த பிறகு திரும்பி வருவேன். இருபத்திரண்டு வருஷமாக அவள் என்னை இரக்கசாலி என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

முதலாளி எதற்கு மருந்து அடிக்க வேண்டும்? ஆள் வைத்து அடிக்கலாம். இந்த ஒரு தைரியத்தில் கம்பெனி கொடுத்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். சிலுவையிடம் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் அந்தத் தைரியத்தில் அடங்கவில்லை.

மறுநாள் காலை சட்டையை ஊறவைக்கப் போனவள், தாளோடு வந்து என் முன்னால் நின்றாள்.

“இன்னாய்யா இது?”

“அது வந்து... ஃபிரான்சைஸ்.”

“பிரான்சு சைஸா? இருக்குற சட்டையே தொளதொளன்னு கீது.”

“சட்டை இல்ல சிலுவை. தொழிலு. முதலீடு.”

அவள் தாளை முன்னும் பின்னும் படித்தாள். ஒன்றரை லட்சம் என்ற இடத்தில் விரல் நின்றது. எனக்கு மூச்சு நின்றது.

“நல்லாத்தான் கீது” என்றாள்.

அவள் கத்தியிருந்தால் பழகிய பயம், சமாளித்திருப்பேன். இது புதுப் பயம்.

“மருந்து யாரு அடிப்பா?”

“ஆளு வெச்சிக்கலாம்.”

“ஆளு லீவு போட்டா? தொழில் தெரியாத மொதலாளிய வேலைக்காரன் வித்துடுவான். எங்க அக்கா பொண்ணு தேவகிருபை புருஷன் அசோகன் கொருக்குப்பேட்டைல இதே கம்பெனி எடுத்துக்கீறான். ஒரு எட்டு நாள் அவன் கூடப் போய் வேலையைக் கத்துக்கோ. தோதுப்பட்டா அப்பால பணம் கட்டு.”

“எனக்கு எதுக்கு சிலுவை அதெல்லாம்? பாவம், உயிரு...”

“உயிரை எடுக்குற தொழிலுக்குத்தானே பணம் கட்டப் போற?”

இருபத்திரண்டு வருஷ இரக்கத்தை ஒரே வரியில் மடக்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கொருக்குப்பேட்டையில் அசோகன் எனக்கு நீலச் சட்டை, முகமூடி, முதுகில் மாட்டும் மருந்துப் பம்பு எல்லாம் கொடுத்தான். முப்பது வயசுப் பையன். ரயில்வே கேட்டைத் தாண்டி ஜஹானாரா என்கிற அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போனான். சமையலறை ஆறடிக்கு ஆறடி. தொட்டிக்குக் கீழே ஒரு மர அலமாரி.

“மாமு, நான் அலமாரிய இழுக்கறேன். நீ அடி.”

இழுத்தான்.

நான் பார்த்தது சுவர் என்று நினைத்தேன். சுவர் நகர்ந்தது. பழுப்பு நிறத்தில், ஆயிரம் மீசையோடு, என்னைப் பார்த்தே வந்தது. ஒன்று பறந்து தோளில் உட்கார்ந்தது. இன்னொன்று பேன்ட்டுக்குள் ஏறி முழங்கால் வரை விசாரித்துக்கொண்டு போனது. அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெளிந்து பார்த்தபோது ஆட்டுக்கல் மேல் நின்று அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜஹானாரா செருப்பால் ரெண்டு கரப்பானை அடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னா சார், கம்பெனி ஆளே மேல ஏறிக்கினா நான் எங்க ஏறுறது?”

அன்றைக்கே ஓடியிருப்பேன். வீட்டுக்குப் போனால் சிலுவை, “இன்னா, அதுக்குள்ள வந்துட்ட?” என்று கேட்பாள். கரப்பானா சிலுவையா என்று யோசித்துப் பார்த்தேன். கரப்பானுக்குப் பேச வராது. தங்கிவிட்டேன்.

ஞாயிறு தவிர ஒவ்வொரு நாள் காலையும் தூக்குமேடைக்குப் போவதுபோல பஸ் ஏறினேன். பேன்ட் காலை ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிக்கொண்டேன். சாப்பாட்டு டப்பாவைத் தட்டிப் பார்த்துத்தான் திறப்பேன். சாதத்தில் கிடந்த கறிவேப்பிலைக்குக்கூட ஒருநாள் எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் ஒரு ஆச்சரியம். பயந்தவன் அடிப்பதால் ஒரு இடுக்கு விடாமல் அடித்தேன். கதவுச் சந்து, கேஸ் அடுப்பின் அடி, காலண்டருக்குப் பின்னால், எதையும் நான் நம்பவில்லை. என்னை மாதிரி மருந்து அடிக்கக் கம்பெனியிலேயே ஆள் இல்லை என்றான் அசோகன்.

ஏழாம் நாள் டீ குடிக்கும்போது அவனே மனம்விட்டுச் சொன்னான்.

“மாமு, மருந்தைக் கம்பெனிகிட்டதான் வாங்கணும். வெளிய விக்கிறதுக்கு ரெண்டு மடங்கு வெலை. கஸ்டமரை அவங்க புடிச்சிக் குடுப்பாங்கன்னு சொன்னாங்க. வருஷத்துல நாலு பேரு வந்தான். மீதியெல்லாம் நானே அலைஞ்சி புடிச்சது. போட்ட பணத்துல பாதி கூட இன்னும் திரும்பல. உன் பணத்தைக் கெணத்துல போடாத.”

இருபத்தாறு வருஷ உழைப்பு, மகள் கல்யாணத்துக்கு இருக்கிற ஒரே பணம், அதைத்தான் தூக்கிக் கொடுக்க இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒப்பந்தத்தோடு வீட்டுக்கு வரும்படி அய்யாத்துரையிடம் நேரம்கூடக் குறித்திருந்தேன். வந்து நின்றால் என்ன சொல்வேன்? அதைவிட, வேண்டாம் என்று சிலுவையிடம் எப்படிச் சொல்வேன்?

எட்டாம் நாள் வேலை முடிந்ததும் அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். பயத்தை மறைக்கக் கணக்குப் பேசினேன். மருந்து விலை, கஸ்டமர் நிலவரம், சந்தை வாய்ப்பு, எல்லாம்.

“ஆகவே, நல்லா ஆராய்ஞ்சி பாத்ததுல, இந்த முதலீடு நமக்கு வேணாம்னு முடிவு பண்ணிட்டேன்.”

“சரி.”

“அய்யாத்துரை நாளைக்கு வருவாரு.”

“அந்தத் தாள்ல கீற நம்பருக்கு போன் பண்ணி வராதேன்னு சொல்லிட்டேன்.”

“எப்போ?”

“போன ஞாயித்துக்கெழம.”

“நான் பணம் கட்டிட்டு வந்திருந்தா இன்னா பண்ணியிருப்ப?”

“பணம் எங்க கீது? உன் செக்கு வந்த வாரமே ரெண்டு பேர் பேர்லயும் அஞ்சு வருஷத்துக்கு பேங்க்ல போட்டாச்சு. ரேஷன் கார்டு ஃபாரம்னு சொன்னேன், நீயும் கையெழுத்துப் போட்ட.”

பணம் பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதி ஒரு பக்கம். எட்டு நாள் நான் பட்டது ஒரு பக்கம்.

“அப்போ எதுக்கு என்னை அந்த நரகத்துக்கு அனுப்பின?”

“நம்ம சமையல்கட்டைப் பாத்தியா? மருந்தடிக்க எண்ணூறு ரூபா கேட்டான் கம்பெனிக்காரன். நீ முதலீடு முதலீடுன்ன. நான் மொதல்ல வூடுன்னு நெனச்சேன்.”

எழுந்து போய் கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தாள். புது மருந்துப் பம்பு. புது முகமூடி.

“காலைல பூசைக்குப் போய்ட்டு வந்ததும் நம்ம வூட்டை முடிச்சிரு. ரெண்டு மணிக்குப் பக்கத்து வூட்டு ரோஸ்மேரி கூப்புட்டுக்கீது, நானூறு பேசிக்கீறேன். காசை நீ வாங்காத, நான் வாங்கிக்கிறேன்.”