மூன்று லென்சிலும் ஒரே பூசணம்

மாரமங்கலம்,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை சரவணன் அவர்களுக்கு, மாமா சென்றாயன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அக்கா கௌரி, இரண்டு மாடுகள், மிளகுக் கொடிகள் எல்லோரும் சௌக்கியம். சேலத்தில் நீங்களும் உங்கள் ஸ்டுடியோவும் அதேபோல் இருக்க வேண்டும் என்று சேர்வராயன் சாமியை வேண்டிக்கொண்டேன். வேண்டி முடித்துவிட்டதால் இனிச் சண்டைக்கு வருகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் "சரிங்க மாமா, பாக்கலாங்க மாமா" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பாருங்கள்.

விஷயம் இதுதான். எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள் என்று நீங்கள் கொடுத்தனுப்பிய பையில் இருந்த இரண்டு மிரர்லெஸ் கேமரா பாடி, மூன்று லென்ஸ், அத்தனையிலும் பூசணம் பிடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வருவதற்குள் நான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பேச்சு. பூசணத்தில் நல்ல பூசணம் எது என்று எப்படித் தேர்ந்தெடுப்பது, நீங்களே சொல்லுங்கள்.

கேமரா எதற்கு என்று உங்களுக்குத் தெரியாதது இல்லை. எங்கள் கல்யாண ஆல்பத்தைப் போன மழைக்காலத்தில் பீரோவுக்குள்ளேயே பூசணம் தின்று தீர்த்தது. பந்தி பரிமாறியவர்கள்கூடத் தப்பித்துவிட்டார்கள், கௌரியின் முகம்தான் போய்விட்டது. வருகிற மாதம் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் முடிகிறது. வீட்டில் அவள் முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் இல்லை. ஆதார் அட்டையில் இருப்பதை நான் சேர்க்கவில்லை. அது யார் என்று உங்கள் அக்காவே ஒருமுறை என்னிடம் விசாரித்தாள். அதனால் ஒரே ஒரு படம், நல்ல படம், கூடத்துச் சுவரில் மாட்டுவதற்கு எடுத்துவிட வேண்டும் என்று இறங்கினேன்.

நான் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவன். எதையும் முறையோடு செய்துதான் பழக்கம். காப்பிக் களத்தில் நாற்காலியைப் போட்டு அதன் நாலு காலுக்கும் சுண்ணாம்பால் குறி வைத்தேன். தினமும் பனி விலகுகிற எட்டரை மணிக்கு, அதே நீலப் புடவையில், அதே பக்கம் பார்த்து அவளை உட்காரவைத்தேன். லென்சை மாற்றினாலும் படத்தில் முகத்தின் அளவு மாறக்கூடாது என்று நான்தான் முன்னும் பின்னும் நடந்தேன். எண்பத்தைந்து எம்எம் லென்சுக்காகப் பின்னால் போய்ப் போய் மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்ததை அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். சொல்லாமல் இருக்க மாட்டாள். கழுத்தைத் திருப்பாதே, இமைக்காதே, சிரிக்காதே, கொஞ்சம் சிரி என்று ஆறு நாள், நூற்று நாற்பது படம். ஒரு நாள்கூட அவள் முகம் சுளிக்கவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்றுகூட எழுந்து போகவில்லை. பால் பொங்கத்தான் பொங்கியது.

எஸ்டேட்டில் காப்பி ருசி பார்க்கும்போது எது எந்தக் காட்டுக் காப்பி என்று பார்க்கிறவருக்குத் தெரியாமல் கோப்பைக்கு அடியில் நம்பர் ஒட்டிவிடுவோம். அதேபோல் செய்தேன். பஸ் ஏறி ஏற்காடு போய், ஜெராக்ஸ் கடை மாதேஷிடம் படங்களைக் கொடுத்து, வெறும் நம்பர் மட்டும் போட்டுப் பெரிய திரையில் காட்டச் சொன்னேன். நேர்மையாகச் சொல்கிறேன், மாப்பிள்ளை, பொருள் நல்ல பொருள்தான். பெரிய சென்சார் பாடியில் அவள் நரைமுடிக்கும் பின்னால் நின்ற பனிக்கும் நடுவே வெள்ளையிலேயே நாலு விதம் தெரிந்தது. சின்ன சென்சாரில் இரண்டுதான். ஆனால் அந்தச் சின்ன பாடியில் ஐம்பது எம்எம் லென்சைப் போட்டால் புடவை நூலை எண்ணலாம். ஜூம் லென்ஸ் நடுவில் யோக்கியமாக இருக்கிறது, ஓரத்தில் சில்வர் ஓக் மரத்தைக் கரைத்துவிடுகிறது. எண்பத்தைந்து பின்னால் இருந்த மாட்டுக் கொட்டகையை மங்கலாக்கி மறைத்தது. அந்தக் கொட்டகைக்கு அதுதான் மரியாதை.

ஒப்பிட வேண்டும் என்றால் பெரிதாக்கித்தானே பார்க்க வேண்டும். இரண்டு மடங்கு, நாலு மடங்கு என்று பார்த்துக்கொண்டே போனேன். அவள் காதோரம் ஒரு சின்ன மச்சம் இருக்கிறது. மோவாயில் எப்போதோ வெல்லப்பாகு தெறித்த தழும்பு. மேலுதட்டில் இரண்டு கோடு, எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்ட மாதிரி. இதெல்லாம் எனக்குத் தெரியாது. என் தோட்டத்தில் எந்த மரத்தில் ஏறிய மிளகுக் கொடி எத்தனை சரம் விடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கூடவே இருந்த முகத்தை ஜெராக்ஸ் கடையில் போய்த் தெரிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது. மாதேஷ் கவனிக்கக்கூடாது என்று தும்முவதுபோல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அவர் கேட்டார்.

"ஏனுங்கண்ணா, எல்லா நம்பர்லயும் அக்காவோட ஒரு கண்ணு மட்டும் வெளுப்பா இருக்குதுங்களே?"

பார்த்தேன். உண்மைதான். ஒன்றாம் நம்பரிலிருந்து கடைசி நம்பர் வரை படத்தின் வலது பக்கம், மேலே, அதே இடத்தில் புகை படிந்த மாதிரி ஒரு வெளுப்பு.

"லென்சுக்குள்ள பூசணம் ஏறியிருக்குமுங்க. நம்ம மலையில எதுதானுங்க தப்பிச்சுது?" என்றார் மாதேஷ்.

மூன்று லென்சிலும் எப்படி ஒரே இடத்தில் என்று உங்களுக்குத் தோன்றும். மூன்றும் ஒரே பையில் வந்தவை. காப்பி மூட்டையில் ஒன்று நனைந்தால் பக்கத்து மூட்டைக்கும் ஈரம் தாவும். கண்ணாடிக்கு மட்டும் வேறு நியாயமா? சேலத்து வெயிலில் பிடிக்காத பூசணம் இங்கே வந்துதான் பிடித்தது என்று நீங்கள் வாதாடலாம். அந்தக் கதையே வேண்டாம். பையைத் திறந்த அன்றே எடுத்த முதல் படத்திலும் அது இருக்கிறது.

இதை வீட்டில் சொன்னதுதான் என் தப்பு. கௌரி தாம்தூம் என்று குதித்தாள்.

"எந்தம்பி பொருள்ல பூசணம் இருக்காதுங்க."

"நீ படத்தைப் பாத்தியா?"

"பாக்காமயே சொல்றனுங்க. அவன் நொம்ப சுத்தக்காரன். போயி வேற வேலையப் பாருங்க."

மூன்று நாளாக என்னோடு பேச்சு இல்லை. காப்பியைக் கோபத்தில் தம்ளருக்கு வெளியே ஊற்றுகிறாள். தம்பி என்றால் இப்படியா கண்ணை மூடிக்கொண்டு நம்புவது! ஆகவே நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பூசணம் இல்லாத லென்சோடு வந்து, அது உங்கள் கவனக்குறைவுதான் என்று அவள் காதுபட ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நான் அதற்குமேல் எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம். உங்கள் கடை வாசலில் கல்யாணக் கூட்டம் குறையாமல் இருக்கட்டும். கோபமாக எழுதினாலும் கோபம் இல்லாத,

மாமா சென்றாயன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், சாட்சிக்கு ஒரு படமும் வைத்துவிட்டால் உங்களால் மறுக்க முடியாது என்று தோன்றியது. கேமராவைத் தலைகீழாகப் பிடித்து எடுத்தால் பூசணம் இருந்த இடத்திலேயே இருக்கும், முகம்தான் புரளும். இல்லையா? பேச்சு இல்லாவிட்டாலும் கூப்பிட்டதும் அவள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அப்படி எடுத்துப் பின்பக்கத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் புரண்டிருந்தது. வெளுப்பும் கண்ணோடு சேர்ந்து கீழே வந்திருந்தது.

கேமராவை வைத்துவிட்டு அவளை வெளிச்சத்துக்குத் திருப்பி நேரில் பார்த்தேன். இடது கண்ணின் பாப்பா பால் நிறத்தில் இருக்கிறது, மாப்பிள்ளை.

"எப்ப இருந்து?" என்றேன்.

"போன மிளகுப் பறிப்புல இருந்துங்க."

"இன்னொரு கண்ணு?"

"அதுல ஆளு தெரியுதுங்க. மூஞ்சி தெரீல."

"ஏன் சொல்லல?"

புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "சொன்னா ஆசுபத்திரி, ஆப்பரேசன்னு கெளம்பிருவீங்க. எனக்குப் பயமுங்க. அதுவுமில்லாம, நீங்க என்னைய இத்தன நேரம் உக்கார வெச்சுப் பாத்ததே இல்லீங்களே. அது நின்னு போயிருமேன்னு இருந்துட்டனுங்க."

மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போடுங்கள். உங்கள் லென்ஸ் மூன்றும் சுத்தம். ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம், நாளைக் காலை சேலம் வருகிற ஜீப்பில் இந்தக் கடிதம் வந்த உடனே காரை எடுத்துக்கொண்டு வாருங்கள். கண் டாக்டர் யார் நல்லவர் என்று விசாரித்துக்கொண்டு வாருங்கள். போனில் சொல்லலாம்தான், ஆனால் அவள் பக்கத்தில் இருக்கும்போது இதைச் சொல்ல எனக்குக் குரல் வராது. எந்தக் கேமரா என்பதை அவளுக்குப் பார்வை வந்த பிறகு அவளே படங்களைப் பார்த்துச் சொல்லட்டும். இரண்டையும் பையில் போட்டு மூடிவிட்டேன். எழுந்திருக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டு, எதிரில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.