வெறும் வயிற்றுக்கு நால்வர் போட்டி

உலக மருத்துவ வரலாற்றை நாளை யாராவது எழுத உட்கார்ந்தால், மயிலாப்பூர் தெற்கு மாடவீதியை ஒட்டிய எங்கள் அடுக்ககத்தின் இரண்டாம் மாடிக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியே ஆக வேண்டும். பெரிய பெரிய ஆராய்ச்சி நிலையங்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்விக்கு, எங்கள் குடும்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காராசேவு தீர்வதற்குள் விடை கண்டுவிட்டது. அதுவும் மூன்று விடைகள்.

ஆராய்ச்சிப் பொருள் நான்தான். பெயர் ஹம்சா. அடையாறில் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு நடத்துகிறேன். சில மாதங்களாகக் குரல் கம்மிவிட்டது. பாடம் நடத்தும்போதே கண் சொருகுகிறது. "இப்படியே போனா பிளஸ் டூவை வேற ஒருத்தர்கிட்ட குடுக்கவேண்டி வரும், மேடம்" என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அந்த வகுப்பு போனால் எனக்கு அழுகை வந்துவிடும். டாக்டர் தபஸ்ஸுமிடம் ஓடினேன்.

"உங்களைக் காப்பாத்த வேண்டிய படையே உங்க தைராய்டை வெளியாள்னு நெனச்சு அடிக்குது" என்றார் டாக்டர்.

"எதனால டாக்டர்?"

"சில பேருக்கு ஏதாவது தொற்று வந்து போனது இதைத் தூண்டிவிட்டிருக்கலாம்னு ஒரு சந்தேகம் இருக்கு. உறுதியா சொல்ல முடியாது. அதைத் தேடிக்கிட்டு இருக்காதீங்க. காலைல எழுந்ததும் வெறும் வயித்துல இந்த மாத்திரை, வெறும் தண்ணியோட. அப்புறம் ஒரு மணி நேரம் காபிகூட கிடையாது. அவ்ளோதான்."

இதில் 'தொற்று' என்ற சொல் மட்டும் வீட்டுக்குள் நுழைந்தது. உடனே உயர்மட்ட விசாரணைக் குழு கூடியது. தலைவர், என் கணவர் ஸ்ரீரங்கன். மூத்த உறுப்பினர், மாமியார் விசாலாக்ஷி. தி.நகரிலிருந்து காணொளி வழியே நாத்தனார் ஸ்ரீலக்ஷ்மி. நோயாளிக்குப் பேச வாய்ப்பு தரப்படவில்லை, காபி கலக்கும் வாய்ப்பு தரப்பட்டது.

"உன் தங்கை கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தப்பறம்தானே சிக்குன்குனியா வந்துது? அங்கதான் ஒட்டிண்டுருக்கு" என்றார் மாமியார்.

"இல்லம்மா, கொரோனா. அவ ஸ்கூல்லேர்ந்துதான் வந்துது" என்றார் தலைவர்.

"ரெண்டும் இல்ல. மன்னி பானிபூரி தின்னுட்டு வயித்தால போனாளே, அதான்!" என்றது காணொளி.

கிருமி எதுவானாலும், அது இந்த வீட்டுத் தயாரிப்பு அல்ல என்பதில் குழு ஒருமனதாக இருந்தது.

கண்டுபிடித்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு 'நிவாரணம்' அறிவித்தார்கள். மாமியாருடையது நிலவேம்புக் கஷாயம். கணவருடையது கபசுரக் குடிநீர். நாத்தனாருடையது வெண்பூசணிச் சாறு. மூன்றுக்கும் ஒரே நிபந்தனை, விடியற்காலையில், வெறும் வயிற்றில்.

எனக்கு இருப்பது ஒரு வயிறு. அதுவும் ராத்திரி தூங்கி எழுந்தால்தான் வெறுமையாகக் கிடைக்கிறது.

"அப்போ மாத்திரை?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அது எங்க ஓடிடப் போறது? டிபனுக்கப்பறம் காபியோட போட்டுக்கோயேன்" என்றார் தலைவர். தீர்மானம் நிறைவேறியது.

என்ன அக்கறை! விடிவதற்கு முன்பே எழுந்து, மூன்றையும் நானே காய்ச்சி, நானே அரைத்து, நானே குடித்தேன். இந்த உழைப்பில் கூடுதலாகக் களைத்தபோது, 'கிருமி வெளியேறுகிறது' என்று குழு மகிழ்ச்சி தெரிவித்தது.

அடுத்த ரத்தப் பரிசோதனையில், தைராய்டு சுணங்கினால் ஏறும் டி.எஸ்.எச். அளவு இன்னும் ஏறியிருந்தது. டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "மாத்திரை எப்போ போடறீங்க?"

"இடம் கிடைக்கறப்போ" என்றேன்.

அதே வாரம் பிளஸ் டூ வகுப்பு என் கையை விட்டுப் போயிற்று. ஆறாம் வகுப்பு கொடுத்தார்கள். வீட்டில் வந்து சொல்லும்போது அழுதேவிட்டேன். மாமியார் ஆறுதல் சொன்னார். "நல்லதாப் போச்சுடி. இனிமே காத்தால நிதானமா கஷாயம் குடிக்கலாம்."

மறுநாள் எழுந்தேன். மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினேன். வழக்கம்போல மூன்றையும் தயாரித்து, கண்டுபிடித்தவர்கள் முன்னாலேயே வைத்தேன். தி.நகரிலிருந்து சாமான் வாங்க வந்து முந்தின நாள் எங்களோடு தங்கிவிட்ட நாத்தனாருக்கும் ஒன்று.

"எனக்கெதுக்கு? எனக்கு ஒரு வியாதியும் கிடையாதே!" என்று மூவரும் ஒரே குரலில் அலறினார்கள்.

ஆக, குழுவின் பணி வீண் போகவில்லை. எந்தக் கிருமி தூண்டியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் தன் ஆளையே வெளியாள் என்று நினைத்து, காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று அடித்துத் துவைக்கும் அந்தப் படை எங்கே முகாமிட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. கழுத்தில் இருப்பது அதன் கிளை அலுவலகம்தான். தலைமையகம் எங்கள் கூடத்தில், ஆளுக்கொரு டம்ளரை முறைத்தபடி உட்கார்ந்திருக்கிறது.