பரீட்சைக்குப் போன வலது கை

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், என் வலது தோள் உட்பட. அங்கே உங்கள் முழங்கால் வலியும் அக்காவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன தடவை வந்தபோது, "பிசியோதெரபில மேல்படிப்பா? ஊருக்கெல்லாம் கால் பிடிச்சுவிடவா?" என்று என் மகளைக் கேட்டீர்களே, பிள்ளை சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்து போனாள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. இப்போது கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் மருமகள் அரசுப் பல்கலைக்கழகத்தில் முதுகலைக் கடைசிச் செய்முறைத் தேர்வில் தேறிவிட்டாள். தேற வைத்தவன் நான்.

அந்தத் தேர்வுக்கு, அவள் வைத்தியம் பார்த்த ஒருவரைக் கூட்டிப்போக வேண்டும். தோள் இறுகி, சட்டை மாட்டவே மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நான் ஒத்துக்கொண்டேன். சுவரில் விரலால் ஏறச் சொன்னாள், துண்டை முதுகுக்குப் பின்னால் இழுக்கச் சொன்னாள், நான் கத்தினால் "இன்னும் கொஞ்சம்பா" என்பாள். தேர்வுக்கு முந்தின நாள் பரணிலிருந்து பெட்டியை இறக்குகிறேன், கை ஜம்மென்று மேலே போகிறது! மகள் துள்ளிக் குதித்தாள். நானோ பெட்டியை வைத்துவிட்டு யோசனையில் உட்கார்ந்தேன். நோயில்லாத நோயாளியை வைத்துக்கொண்டு பிள்ளை எதைக் காட்டித் தேறும்? அவளிடம் மூச்சுவிடாமல் ஒரு முடிவுக்கு வந்தேன்.

மறுநாள் போனால் பல்கலைக்கழக வாசலில் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. போக்குவரத்துக் காவலராகவே ஓய்வு பெற்றவன் வேடிக்கை பார்ப்பேனா? மகளை முன்னால் அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி, ஹாரனை விடாமல் அமுக்கிய ஒரு வெள்ளைக் கார் டிரைவரை நிறுத்தி நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

வெளியிலிருந்து தேர்வு நடத்த வந்த பேராசிரியை அம்மா, "கையைத் தூக்குங்கய்யா" என்றார். நான் இடுப்பளவு தூக்கி, "ஐயோ, இதுக்கு மேல உயிரே போயிடும்மா!" என்றேன்.

"அப்பா, நேத்து..." என்றாள் மகள்.

"நேத்தும் இப்படித்தானேம்மா" என்று கண்ணடித்தேன். அவள் முகம் வெளிறிப்போனது.

"இத்தனை மாச வைத்தியத்துக்கு இவ்வளவுதான் முன்னேற்றமா?" என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மா பேனாவைத் திறந்தார். அப்போதுதான், அத்தான், எனக்கு உறைத்தது: மதிப்பெண் நோய்க்கு இல்லை, குணமானதற்கு! பிள்ளையின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. என்னை அறியாமல் எழுந்து, "நிறுத்துங்க!" என்று கத்தினேன். வலது கை தானாக உயர்ந்து, காதை ஒட்டி, உள்ளங்கை விரிந்து நின்றது. நாற்சந்தியில்கூட அப்படி நின்றதில்லை. அந்த அம்மா எழுந்து வந்து கோணம் அளந்தார். குறையே இல்லை. மகள் பாஸ்.

ஆகவே, பெற்ற பிள்ளைக்குச் சமயத்தில் கை கொடுத்தவன் தகப்பன் என்பதை உறவினர் எல்லாரிடமும் சொல்லுங்கள். முழங்காலையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், நானே மகளின் பிசியோதெரபித் துறைக்கு அழைத்துப் போகிறேன். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு நிறைந்த ஆசி.

இப்படிக்கு,
மருமகளைத் தேற வைத்த உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறவினர் யாரிடமும் மூச்சுவிட வேண்டாம். மகள் இப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தாள். அந்த வெள்ளைக் காரின் பின்சீட்டில் இருந்தது பேராசிரியை அம்மாதானாம். "வாசல்ல கையைத் தூக்கி எங்களை நிறுத்தினவர் உங்கப்பான்னு தெரிஞ்சதுமே உனக்கு மார்க் போட்டாச்சு. உள்ள வந்து எவ்வளவு நேரம் நடிக்கிறார்னுதான் பார்த்தேன்" என்றாராம். நீங்கள் அவசியம் வரலாம் அத்தான். துறைப் பக்கம் நான்தான் இனி வரக்கூடாதாம்.