ஆசானுக்கு ஒரு பிளக்ஸ்

அறிவாளி என்று பெயர் வாங்கத் துடிக்கிற ஆளிடம் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம், பிளக்ஸ் கடைக்காரர் நம்பரை மட்டும் கொடுக்கக் கூடாது. என்னிடம் அது இருந்தது. அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மார்க்கையன்கோட்டையில், நான் காலமானேன்.

அப்போது பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே சாப்ட்வேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை பார்த்ததைவிட டெக் செய்தி படித்த நேரம்தான் அதிகம். எந்தக் கம்பெனி எதை விழுங்கியது, எந்த முதலாளியை யார் வெளியே தள்ளினார்கள், புது போனில் என்ன கோளாறு, எல்லாம் பல் விளக்குவதற்கு முன்பே தெரிந்தாக வேண்டும். தெரிந்தால் போதுமா? டீக்கடையில் சொல்லியாக வேண்டும். (வாழைத்தார் விலை பேசிக்கொண்டிருந்தவர்கள் என் தலையைக் கண்டதும் பாதி டீயோடு எழுந்து போவார்கள். அவர்களுக்கு அவசர வேலை என்று நினைத்துக்கொள்வேன்.)

இந்தச் செய்திகளில் எனக்கொரு தெய்வம் இருந்தார். கடல் கடந்த தேசத்தில் ஒன்றுமில்லாமல் ஆரம்பித்து, நாளைக்கு ஜனங்கள் எதைக் கையில் வைத்துக்கொண்டு அலைவார்கள் என்று இன்றைக்கே கண்டுபிடித்த மனிதர். பெயரை எழுதப்போவதில்லை, போன பிறகாவது அவர் என்னிடமிருந்து தப்பிக்கட்டும். நான் அவரை ஆசான் என்றே சொல்வேன். ஆசானுக்கு இப்படி ஒரு சிஷ்யன் இருப்பது கடைசிவரை தெரியாது.

அந்த ஆசான் இறந்துபோனார். அவர் உலகத்துக்கு விட்டுச்சென்றது என்ன என்று எல்லா இணையதளங்களும் கட்டுரை எழுதித் தள்ளின. என் பங்குக்கு நானும் எதையாவது செய்யாவிட்டால் எப்படி?

எங்கள் பக்கத்தில் யாராவது செத்தால் துக்கத்தை மனசுக்குள் வைத்துக்கொள்கிற பழக்கம் கிடையாது. தெரு முக்கில் பிளக்ஸாகக் கட்டிவிடுவோம். பிளக்ஸின் நடுவில் போனவர் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருப்பார். கீழே வருந்துகிறவர்கள் கூலிங்கிளாஸ் போட்டு வரிசையாக நிற்பார்கள். ஆசானுக்கும் அப்படி ஒன்று வைப்பது என்று முடிவு செய்தேன்.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் கூடலூரிலிருந்து பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருவதாக இருந்தது. பெண் பெயர் சங்கீதா. அப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரம். பெண் பார்க்கப் போன அன்றே எனக்கு அவளை அவ்வளவு பிடித்துவிட்டது. அவளுக்கு என்னைப் பிடித்ததா என்பதுதான் தெரியவில்லை. அப்பா கேட்டதற்கு, "ஒங்க இஷ்டம்ப்பா" என்றாளாம். அந்தப் பதிலை எத்தனையோ விதமாக எனக்குள் சொல்லிப் பார்த்தேன், ஒன்றில்கூட என் மேல் ஆசை தெரியவில்லை. இனி எல்லாம் அவளுடைய ஆட்கள் கையில். வீடு பிடித்தால் சாப்பிட்டுக் கை நனைப்பார்கள். பிடிக்காவிட்டால் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜீப் ஏறிவிடுவார்கள்.

வருகிறவர்கள் முக்கில் பிளக்ஸைப் பார்த்து, மாப்பிள்ளைக்கு உலக அறிவு அதிகம் என்று அசந்துபோக வேண்டும். அதுதான் திட்டம்.

"நல்ல காரியத்துக்கு வாரவுக கண்ணுல எழவு பிளக்ஸ் படணுமாய்யா?" என்றார் அம்மா.

"அந்தாளு நமக்குப் பங்காளியா, மாமன் மச்சானா? என்னடா மொற?" என்றார் அப்பா.

"அவரு ஒலகத்துக்கே சொந்தம்ப்பா."

"அப்ப ஒலகம் வைக்கட்டும்."

நான் கேட்கவில்லை. சின்னமனூர் பிளக்ஸ் கடைக்கு வாட்ஸப்பில் ஆசான் படம் ஒன்றும், வருந்துகிறவர் வரிசைக்கு என் படம் ஒன்றும் அனுப்பினேன். மேலே 'கண்ணீர் அஞ்சலி', கீழே 'ஆசானே, உங்கள் வழியில் நானும்' என்று வாசகம். ஆசானின் பெயரை எழுதவில்லை. உலகமறிந்த முகத்துக்குப் பெயர் போடுவது அவமரியாதை என்று நினைப்பு. என் பெயரை மட்டும் பட்டத்தோடு கொடுத்தேன்: மு. பாண்டீஸ்வரன் பி.இ., மென்பொருள் பொறியாளர்.

கடைக்காரர் மாதிரிப் படம் அனுப்பி, சரியா என்று கேட்டிருந்தார். நானோ ஆசானின் நாற்காலியில் அடுத்து யார் என்ற செய்தியில் மூழ்கிக் கிடந்தேன். படத்தைத் திறக்காமலே ஓகே போட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை கடை ஆட்கள் வந்து கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நான் உள்ளே பட்டு வேட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கேசரி கிண்டிக்கொண்டிருந்தார், அப்பா கொல்லையில் இலை அறுத்துக்கொண்டிருந்தார். வாசலில் பேச்சியம்மா அத்தையின் குரல் கேட்டது.

"பொண்ணு வீட்டுக்காரக வார நாளாப் பாத்துப் போயிட்டியே எம் மருமகனே!"

வெளியே வந்து, "நான் எங்கத்தே போனேன்?" என்றேன். அத்தை என்னைப் பார்த்தார். முதல் அலறலைவிடப் பெரிதாக இன்னொன்று அலறி, காய்கறிப் பையால் என் மண்டையில் ஓங்கி ஒரு போடு போட்டார். அடி விழுந்த பிறகுதான் நான் ஆவி இல்லை என்று அவருக்கு நம்பிக்கை வந்தது. அழுகைக்கு நடுவே முக்குப் பக்கம் கையைக் காட்டினார். ஓடினேன்.

முக்கில், பிளக்ஸின் நடுவில், இரண்டு குத்துவிளக்குக்கு இடையே நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அடியில் பட்டத்தோடு என் பெயர். மேல் மூலையில் சின்ன வட்டத்துக்குள் ஆசான்.

கடைக்குப் போன் போட்டேன். "கட்சி பிளக்ஸ்ல தலைவர் படம் மேல சின்னதாத்தேன் வரும். வெள்ளக்காரரு ஒங்க தலைவருன்னு நெனச்சேன். பேரும் ஒங்க பேரு ஒண்ணுதேன் இருந்துச்சு. மாதிரி அனுப்பி ஓகே வாங்குனேனேண்ணே" என்றார்.

"ஓகே சொன்னது நான்தேன்யா!"

"செத்தவுகளே ஓகே சொல்லுவாகன்னு நான் எங்கண்ணே கண்டேன்?"

தாவித் தாவிப் பிளக்ஸைக் கிழிக்கப் பார்த்தேன், எட்டவில்லை. டீக்கடையிலிருந்து ஒருவர் கத்தினார்: "ஏலே, நீ போன் பேசையிலயே கூடலூரு ஜீப்பு ஒன் வீட்டுப் பக்கம் போயிருச்சு!"

மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தால், சங்கீதாவின் அப்பா வாசலில் ரோஜா மாலையோடு தலைகுனிந்து நிற்கிறார். பின்னால் வந்தவர்கள் மேல் துண்டை இடுப்பில் கட்டியிருந்தார்கள். என் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. கூடலூர்ப் பக்கம் இப்படித்தான் மரியாதை செய்வார்கள் போல என்று நினைத்து, மாலைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது ஒங்களுக்கு இல்ல. தம்பிய எங்கன வச்சிருக்கீக?"

"உள்ளதேன், வேட்டி கட்டிக்கிட்டு இருக்கான்."

கூட்டம் கல்லாய்ச் சமைந்தது. சங்கீதாவின் சித்தப்பா மட்டும் மூக்கை உறிஞ்சினார். "எழவு வீட்டுல எதுக்கு கேசரி மணக்குது?"

"நான் இங்கன இருக்கேன் மாமா" என்றேன், அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று. சித்தப்பா ஒரே எட்டில் ஜீப்புக்குள் ஏறிவிட்டார்.

ஆசானிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. "எழவு மாலையோட நொழஞ்ச வீட்டுல சம்பந்தமா? கெளம்புங்கண்ணே" என்றார் சித்தப்பா, ஜீப்பை விட்டு இறங்காமலே. எல்லோரும் திரும்பினார்கள். அடுப்படியில் அம்மா நிஜமாகவே அழ ஆரம்பித்தார். செத்ததாகச் சொன்னபோது வராத வருத்தம் எனக்கு அப்போதுதான் வந்தது.

சங்கீதாவின் அப்பாவுக்குப் போன் வந்தது. கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. சித்தப்பா வரும் வழியிலேயே பிளக்ஸைப் படமெடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டிருக்கிறார். அதைப் பார்த்ததிலிருந்து சங்கீதா அழுதுகொண்டே இருக்கிறாளாம். யார் சொல்லியும் அடங்கவில்லையாம்.

அவர் போனை என்னிடம் நீட்டினார். "உசுரோட இருக்கீகன்னு சொன்னா நம்ப மாட்டேங்குறா. நீங்களே சொல்லுங்க."

"நான்தான்... இருக்கேன்" என்றேன்.

விசும்பல் நின்றது. "அப்ப பிளக்ஸ்ல இருக்கது?"

"அதுவும் நான்தான். மேல சின்னதா இருக்காருல்ல, அவருதான் செத்தாரு."

"அவரு யாரு?"

பதற்றத்தில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஆசான் கம்பெனி ஆரம்பித்த கதையிலிருந்து தொடங்கி, பங்குச் சந்தை வரைக்கும் போய்விட்டேன்.

"கொஞ்சம் நிப்பாட்டுறீகளா?" என்றாள். மறுபடி அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் அப்பா போனை வாங்கிப் பையில் போட்டார். மாலையை ஜீப்பில் இருந்த சித்தப்பாவின் மடியில் வைத்தார். "எலையப் போடச் சொல்லுங்கண்ணே, கை நனைப்போம்" என்றார்.

ஆசான் விட்டுச்சென்றது என்ன என்று இப்போதும் கட்டுரைகள் வருகின்றன. அதில் எங்கள் கல்யாணத்தை ஒருவரும் சேர்ப்பதில்லை. மாமனார் மட்டும் எந்த விசேஷத்துக்குப் போனாலும், "எம் மருமகன மொதமொத மாலையோடதேன் பாக்கப் போனேன்" என்று ஆரம்பித்துவிடுவார்.

போன வாரம் சங்கீதாவோடு ஒரு சண்டை. எந்தக் கணவனும் கடைசியில் எடுக்கிற அஸ்திரத்தை நானும் எடுத்தேன். "நான் செத்தாத்தான்டி ஒனக்கு என் அருமை தெரியும்."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதுக்கெல்லாம் அன்னைக்கே அழுது முடிச்சாச்சு. கேஸ் சிலிண்டர் புக் பண்ணுங்க."