பிரேக் மூடியில் வைத்த குங்குமம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஐந்தாறு வருஷம் ஆகிறது. கொப்பியை எடுப்பேன், மேலே பிள்ளையார் சுழி போடுவேன், அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடி வைத்துவிடுவேன். வெறும் பிள்ளையார் சுழியோடு நிற்கும் பக்கங்கள் எங்கள் வீட்டில் பதினேழு இருக்கின்றன. (மகள் எண்ணிச் சொன்னாள். அவளுக்கு இதெல்லாம் நன்றாக எண்ண வரும்.) நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனால் தயங்கியது படிப்புக் குறைவால் அல்ல, வெட்கத்தால். என் முட்டாள்தனத்தைக் கேட்டால் சிரிப்பு வரும்; சிரியுங்கள். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு நல்ல மனிதர் இருக்கிறார். ஊரில் அவரைப் பற்றி இன்னும் ஒரு பிழையான கதைதான் நடமாடுகிறது. அதை ஆரம்பித்து வைத்தவன் நான்.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே உள்ள தோட்டம் ஒன்றில், ரப்பர் ஸ்டோரில் இருபத்தாறு வருஷம் வேலை செய்தேன். பாலை உறையவைத்து, ஷீட் அடித்து, புகையில் காயவைக்கிற வேலை. அதைவிட்டு வந்ததும் கையில் கிடைத்ததைப் போட்டு ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினேன். என் மகளைவிட மூத்த கார். கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குத் தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போய்க் கொண்டுவரலாம் என்பது யோசனை. வயிற்றுவலி என்று என் காரில் ஏறியவர்கள் இரண்டாவது வளைவிலேயே வயிற்றை மறந்துவிட்டு உயிரை நினைப்பார்கள் என்று தோட்டத்து லய வீடுகளில் ஒரு பேச்சு இருந்தது. மறுக்க முடியாது.

காரணம் பிரேக். ஒரு நாள் மிதித்தால் சேற்றில் கால் வைத்ததுபோல் பெடல் தரைக்குப் போய்விடும். இன்னொரு நாள் பிடித்த பிரேக் விடாது. சக்கரத்திலிருந்து புகை வரும், பின்னால் வருகிற பஸ்காரன் ஹோர்ன் அடித்தே என் காதை எடுப்பான். ஒருமுறை இறக்கத்தில் பிரேக் இல்லாமல் ஒரு சிங்கள அம்மாவின் முற்றத்துக்குள் புகுந்து, அவர் காயப்போட்டிருந்த உடுப்புகளோடு கொடியையும் இழுத்துக்கொண்டு பலாமரத்தடியில் நின்றேன். முன் கண்ணாடியை ஒரு பூப்போட்ட சீத்தைத் துணி மூடியிருந்தது. செத்துத்தான் போனேன், இது மேலோகம் என்று ஒரு நிமிஷம் நம்பினேன். அந்த அம்மா நன்றாகத் திட்டிவிட்டுப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். மூன்றாவது தடவை நான் அங்கே நுழைந்தபோது தேநீர் தயாராக இருந்தது என்று என் மனைவி மகேஸ் சொல்வாள். (அது கூட்டல். நான் இரண்டு தடவைதான் நுழைந்தேன்.)

பிரேக் பார்த்தவர் ஹமீத் நானா. டவுனில் கடைகள் முடிகிற இடத்தில் அவருடைய கராஜ். நான் அவரை நானா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். இரண்டு பேரும் மற்றவரை மூத்தவராக்கிவிட்டதால் எங்களில் யார் இளையவர் என்பது கடைசிவரைக்கும் தீரவில்லை. மாஸ்டர் பம்பைக் கழற்றி உள்ளே இருக்கும் ரப்பர் வொஷரை எடுத்துக் காட்டுவார். ஊறிய உளுந்துவடைபோல் ஊதியிருக்கும். புதியது போடுவார். அடுத்த மாதம் அதுவும் ஊதும்.

ஒருநாள் வொஷரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணே, பிரேக் ஒயில் டேங்குக்குள்ள வேற எண்ணெய் ஏதும் போகுதா?"

"நான் எதுக்கு நானா வேற எண்ணெய் ஊத்தப் போறேன்?"

அவர் மூடியைப் பார்த்தார். பழந்துணியால் டேங்கைச் சுற்றித் துடைத்தார். "இனி இந்த மூடிய நான் மட்டும்தான் தொறக்கணும், அண்ணே. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வண்டியக் கொண்டாங்க. பழுது இல்லாட்டியும் கொண்டாங்க" என்றார்.

நான் பொய் சொல்லவில்லை. அதுதான் இந்தக் கதையில் பெரிய துக்கம். வெள்ளிக்கிழமை தோறும் மாரியம்மன் கோயிலில் பூசை முடிந்ததும் அம்மன் விளக்கில் மிஞ்சுகிற தேங்காய் எண்ணெயைப் பூசாரி ஒரு சின்னப் போத்தலில் தருவார். வீட்டுக்கு வந்து மகேஸின் முழங்காலில் கொஞ்சம், மகளின் உச்சந்தலையில் கொஞ்சம் தடவிவிட்டுக் காரிடம் வருவேன். பொனெட்டைத் திறந்து எந்தெந்த மூடி திறக்குமோ அதற்குள் எல்லாம் ஒவ்வொரு சொட்டு விடுவேன். பிரேக்தான் நோயாளி என்பதால் அதற்கு மட்டும் ஒரு கரண்டி. பிறகு மூடிமேல் குங்குமப் பொட்டு. பிரேக் மோசமாக மோசமாக என் வேண்டுதல் கூடியது. வேண்டுதல் கூடக் கூட எண்ணெயும் கூடியது. மூடியைத் திறக்காதே என்று நானா சொன்னது பழுது பார்க்கிற கைக்குத்தான், அம்மனுக்கு அல்ல என்று வைத்துக்கொண்டேன். நானா எண்ணெய் என்று கேட்டபோது எனக்குக் கடையில் விற்கிற எண்ணெய்கள்தான் நினைவுக்கு வந்தன. இது என் கணக்கில் எண்ணெயே இல்லை. பிரசாதம்.

ஏழெட்டு மாதம் சனிக்கிழமை தோறும் போனேன். நானா டேங்கைக் கழுவி, புது ஒயில் ஊற்றி, தானே அந்த இறக்கத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தருவார். கழுவிய கூலி வாங்கமாட்டார். அந்த நாட்களில் கார் ஒழுங்காகத்தான் ஓடியது. நன்றாக ஓடும்போதுதான் எனக்குப் புத்தி வேறு பக்கம் ஓடியது. பழுது இல்லாத வண்டியை ஏன் வாராவாரம் கேட்கிறார்? மூடியை ஏன் என்னைத் தொடவிடமாட்டேன் என்கிறார்? இந்த ஆள்தான் ஏதோ செய்து வைக்கிறார் என்று நினைத்தேன். பெரிய துப்பறிவாளன் மாதிரி ஒரு சனிக்கிழமை வேண்டுமென்றே போகாமல் விட்டேன்.

திங்கட்கிழமை மகேஸைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும்போது இறக்கத்து வளைவில் பெடல் தரைக்குப் போனது. மண்மேட்டில் கொண்டுபோய் மோதி நிறுத்தினேன். எனக்கு ஒன்றுமில்லை. அவளுடைய இடது மணிக்கட்டு உடைந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே, "உங்களுக்கு அடி கிடி பட்டிச்சாங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் என்னைப் பைத்தியமாக்கியது.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு ஒரு தேங்காயோடு போனேன். எங்கள் பக்கத்தில் தீராத அநியாயத்துக்குச் சாமி முன்னால் தேங்காய் அடித்துச் சாபம் விடுவது தெரியுந்தானே. பூசைக்கு வந்த கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பூசாரி, கையில் விளக்கெண்ணெய்ப் போத்தலோடு, "வேணாம்பா, யோசிச்சு செய்யி" என்றார். நான் கேட்கவில்லை.

"என் பிரேக்கக் கெடுத்தவன் எவனோ, அவன் தலைகுனிஞ்சு நிக்கணும் தாயே" என்று ஓங்கி அடித்தேன்.

உடையவில்லை. தேங்காய் கல்லில் பட்டு எகிறி, படியில் உருண்டு, சாக்கடைக் கானுக்குள் விழுந்தது. சாபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வேட்டியைத் தூக்கிக்கொண்டு கானுக்குள் இறங்கித் தேடினேன். கழுவிக்கொண்டு வந்து இரண்டாம் முறை அடித்தேன். இந்தமுறை உடைந்தது. ஒரு சில்லு தெறித்து வந்து நேராக என் வலது புருவத்துக்கு மேலே வெட்டியது. இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அம்மன் கையோடு கையாகப் பதில் சொல்லிவிட்டாள் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அது எனக்கு வீரக் காயமாகத்தான் தெரிந்தது.

நான் பெயர் சொல்லவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. ஆனால் என் பிரேக்கைத் தொட்ட கை ஊரில் ஒன்றுதானே? ஞாயிற்றுக்கிழமைக்குள் ஹமீத் நானா கழிவு ஒயில் ஊற்றுகிறார் என்று பேச்சு வந்தது. அடுத்த வாரம், வேண்டுமென்றே வொஷரை வெட்டி வைக்கிறார் என்று ஆனது. அதற்கடுத்து, எங்கோ ஒரு வேன் கவிழ்ந்ததே அவர் வேலைதான் என்றார்கள். அந்த வேன் எது, எங்கே கவிழ்ந்தது என்று எவருக்கும் தெரியாது. நான் எல்லாம் காதில் வாங்கிக்கொண்டிருந்தேன், மறுக்கவில்லை. தோட்டத்து வண்டிகள் வேறு கராஜுக்குப் போகத் தொடங்கின.

ஒருநாள் பின்னேரம் நானா எங்கள் வீட்டுக்கு வந்தார். மகேஸின் கை உடைந்ததைக் கேள்விப்பட்டு ஒரு பை தோடம்பழம் கொண்டுவந்திருந்தார். நான் வாசலை மறித்து நின்றேன்.

"தங்கச்சிக்குக் கை எப்பிடி, அண்ணே?"

"இருக்கு."

உள்ளே இருந்து மகேஸ், "யாரு, நானாவா? உள்ள வரச் சொல்லுங்க, தேத்தண்ணி ஊத்துறேன்" என்றாள். ஒற்றைக் கையால் கேத்தலை வைக்கிற சத்தம் கேட்டது. நான் நகரவில்லை. அவர் என் புருவத்துக் கட்டைப் பார்த்தார், பழப்பையை வாசற்படியில் வைத்தார்.

"சரி, போறேன். அண்ணே, அந்த மூடிய மட்டும் இனித் தொறக்காதீங்க."

"இனி நீங்களும் தொறக்கத் தேவையில்ல."

அவர் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். மகேஸ் தேநீரோடு வந்தபோது வாசலில் நான் மட்டும்தான் நின்றேன். அந்தத் தேநீரை அவள் எனக்குத் தரவில்லை, மண்ணில் ஊற்றினாள். இரண்டு மாதத்தில் கராஜைப் பூட்டிவிட்டு நானா மனைவியின் ஊரான எம்பிலிப்பிட்டியவுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

கார் நெடுநாள் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. பிறகு திருத்த எடுத்தபோது புதிதாக வந்த ஒரு சிங்கள மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனேன். அவர் டேங்க் மூடியைக் கழற்றினார், விரலை விட்டார், மணந்து பார்த்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாத்தயா, மேக்க பொல்தெல் நேத?"

தேங்காய் எண்ணெய்தானே இது என்று கேட்கிறார். நான் குங்குமப் பொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரப்பரில் எண்ணெய் பட்டால் ஊதிக் கெட்டுப்போகும் என்று ஸ்டோருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இருபத்தாறு வருஷம் சொல்லிக் கொடுத்தவன் நான். தலைக்கு எண்ணெய் வழியத் தேய்த்துக்கொண்டு வந்து ஷீட்டைத் தொட்ட ஒருவனை விரட்டியவன் நான். உலகத்தில் எனக்குத் தெரிந்தது அந்த ஒரு விஷயந்தான். அதிலேயே தோற்றேன்.

பாஸ் குழாய்களைக் கழற்றிப் பார்த்துவிட்டு, முன்பு இதைப் பார்த்தவன் நல்ல வேலைக்காரன், அடிக்கடி கழுவியிருக்கிறான், இல்லாவிட்டால் நீ எப்போதோ செத்திருப்பாய் என்று சிங்களத்தில் சொன்னார்.

உடனே எம்பிலிப்பிட்டியவுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. எந்த முகத்தோடு போவது என்று யோசித்து, அடுத்த வாரம், பொங்கல் முடியட்டும், மழை விடட்டும் என்று ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளினேன். கடைசியில் மகேஸ்தான், "நீங்க வராட்டி நான் போறேன்" என்று சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். இரத்தினபுரிக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் எடுத்து, விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம்.

நானா மவுத்தாகி இருபத்தெட்டு நாள் ஆகியிருந்தது. நெஞ்சுவலியாம்.

புருஷன் இறந்த பிறகு சில மாதங்கள் அவர்கள் வீட்டுப் பெண்கள் வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். மகேஸ் உள்ளே போனாள். நான் முன்னறையில் நின்றேன். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. பிறகு நானாவின் மனைவி திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பேசினார்.

"அவங்களுக்குத் தெரியும், அண்ணே. அந்த மூடில குங்குமம் இருந்திச்சாம். சாமி எண்ணெயத்தான் ஊத்துறாரு போலன்னு என்கிட்ட செல்லுவாங்க. நீங்களாச்சும் வெளங்கச் செல்லுங்களேன்னு நான் கேட்டேன். ஒரு முஸ்லிம் ஆள் போய் உங்க அம்மன் எண்ணெய்தான் பிரேக்கக் கெடுக்குதுன்னு செல்ல ஏலுமா, கோயிலக் குத்தம் செல்லுற மாதிரி ஆகிருமே, சனிக்கிழம நானே கழுவிட்டாப் போச்சுன்னு செல்லுவாங்க."

அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் டேங்கைச் சுற்றித் துடைத்ததும், எவ்வளவு துடைத்தும் அந்தப் பொட்டு மட்டும் அழியாமல் இருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

திரைக்குப் பின்னால் இன்னொரு முறை குரல் வந்தது. "ஒரு நாளைக்கு அவரே கண்டுபிடிச்சிட்டு வருவாருன்னு செல்லிட்டே இருந்தாங்க. கொஞ்சம் சுணங்கிட்டீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கோயிலில் நான் கேட்டது என்ன என்று பஸ் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அம்மன் ஒரு சொல்லையும் தவறவிடவில்லை.

இப்போதும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறேன். விளக்குக்கு உள்ள எண்ணெய் விளக்கோடு இருக்கட்டும் என்று பூசாரியிடம் சொல்லிவிட்டேன். குற்றம் அம்மனுடையது அல்ல, கரண்டி பிடித்த கையுடையது. வீட்டில் தண்ணீர்க் குழாய் ஒழுகினாலும், மகளின் போன் வேலை செய்யாவிட்டாலும், நான் யாரையாவது குறை சொல்ல வாயைத் திறந்தால் போதும். "அப்பா, முதல்ல நெத்தியத் தடவிப் பாருங்க" என்பாள் மகள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். விரல் தானாகப் போய் அந்தத் தழும்பைத் தொடும். இடது கையால் இன்னும் குடம் தூக்க முடியாத மகேஸும் சிரிப்பாள், ஆனால் எப்போதும் மற்றவர்களுக்கு முன்னால் நிறுத்திவிடுவாள்.

கார் இன்னும் இருக்கிறது. பிரேக் ஒருநாளும் ஏமாற்றுவதில்லை. அந்த இறக்கத்து வளைவில் மிதித்தவுடன் பிடிக்கிறது. பிடிக்கும் ஒவ்வொரு முறையும், சனிக்கிழமைகளில் எனக்கு முன்னால் அதே இறக்கத்தில் தன் உயிரை வைத்து ஓட்டிப் பார்த்தவரை நினைத்துக்கொள்கிறேன்.

இதை வாசித்தவர்கள் வேறு யாருக்காவது சொல்வதானால் உள்ளபடியே சொல்லுங்கள். என் முட்டாள்தனத்தைக் குறைக்க வேண்டாம், அவரைப் பெரிய மகானாக்கவும் வேண்டாம். பிளேன்டீ கதையை வேண்டுமானால் மூன்று தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள், அது மகேஸுக்காக. மற்றதில் ஒரு சொல் கூட்டாதீர்கள், ஒரு சொல் விடாதீர்கள். ஆளுக்கு ஒரு சொல்லாக ஊர் கூட்டியதில்தான் அந்தக் கராஜ் பூட்டிப்போனது. முதல் சொல் என்னுடையது.