நிரூபி அண்ணாச்சியின் தலை

ஜூலை 11, வெள்ளிக்கிழமை. 4.50-க்கு எழுந்தேன். 5.05-க்குச் சுக்குக் காப்பி. 5.15-க்குச் சைக்கிளின் இரண்டு டயரையும் அமுக்கிப் பார்த்துப் பின் டயருக்கு மட்டும் காற்றடித்தேன். 5.25-க்கு வீட்டைப் பூட்டினேன். 5.30-க்கு நிரூபி அண்ணாச்சி வீட்டு வாசலில் நின்று, அவருடைய தாடைக்குக் கீழே ஹெல்மெட் வாரை மாட்டினேன்.

அன்றைய டைரியில் இதுவரைக்கும் உள்ளதெல்லாம் வழக்கமான வரிகள். அடுத்த வரி இது: "6.52. அண்ணாச்சி விழுந்தார்."

உலகத்தில் எதையும் லேசில் நம்பாதவர்கள் பலர் உண்டு. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதையே சந்தேகப்படுகிறவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். "மலைக்கு இந்தப் பக்கம் இருக்கோம், நமக்கு அப்படித் தெரியுது. அந்தப் பக்கம் போயி நின்னு பாத்தியா? நிரூபிலே" என்பார். யார் என்ன சொன்னாலும் முடிவில் அந்த ஒரு சொல்தான். அதனால் தென்காசியில் அவருடைய சொந்தப் பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டுமே தெரியும்.

தொழில், கடைத் தராசு ரிப்பேர். பஜாரிலிருந்து ஆய்க்குடி, அச்சன்புதூர் வரைக்கும் அவர் கை படாத தராசு கிடையாது. யோசித்தால் குற்றம் அவருடையது இல்லை என்று தோன்றுகிறது. சரியான எடை காட்டும் தராசை யார் ரிப்பேருக்குக் கொண்டுவருவார்கள்? நாற்பது வருஷமாகப் பொய் சொல்லும் தராசுகளோடு மட்டும் புழங்கிய மனிதருக்கு நம்பிக்கை எங்கிருந்து வரும்?

ஒரு தடவை குற்றாலம் ஐந்தருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற போலீஸ்காரரிடம் போய், "வெள்ளம்னு நிரூபிங்க" என்றார். போலீஸ்காரர் கையை மட்டும் அருவிப் பக்கம் நீட்டினார். அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தார். ஒரு முழு மரம் வேரோடு கீழே வந்துகொண்டிருந்தது. "சரி" என்று சொல்லித் திரும்பினார். அவர் ஒரே பேச்சில் ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

இன்னொரு தடவை, நாற்பது கிலோ அரிசி மூட்டையை இந்த வயதில் நீர் தூக்கமாட்டீர் என்று ஒரு கடைக்காரர் விளையாட்டாகச் சொல்லிவிட்டார். அண்ணாச்சி அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஆய்க்குடி வரைக்கும் நடந்தார். கடைக்காரர் மூட்டைக்காகப் பின்னாலேயே ஸ்கூட்டரில் போனார். சொன்னால் செய்துவிடுகிற மனிதர் என்பதற்காக இதைச் சொல்லிவைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

சாரல் தொடங்கினால் நாங்கள் மூன்று பேர் விடிகாலையில் சைக்கிளில் ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வருவோம். அண்ணாச்சி, நான், அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஏட்டையா. இந்த வருஷம் ஏட்டையா ஒரு சட்டம் போட்டார். ஹெல்மெட் இல்லாதவர் கூட வரக்கூடாது.

"சைக்கிளுக்கு ஹெல்மெட்டுன்னு எந்தச் சட்டத்துலவே இருக்கு?" என்றார் அண்ணாச்சி.

"சட்டத்துல இருந்தா மட்டும் போட்டுருவீராக்கும்?"

"தலையக் காப்பாத்தும்னு நிரூபியும். போடுதேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி வீட்டு மாடியில் சோதனை நடந்தது. நான் நேரம் குறித்தேன். முதல் பூசணிக்காயை ஹெல்மெட் இல்லாமல் கீழே போட்டோம். நாலாகப் பிளந்தது. இரண்டாவதுக்கு ஹெல்மெட்டை மாட்டிப் போட்டோம். பூசணிக்காய் அப்படியே முழுதாக இருந்தது. ஏட்டையா இரண்டு கையையும் விரித்து, "போதுமாவே?" என்றார்.

"பூசணிக்காய்க்கு நிரூபிச்சாச்சு. நான் என்ன பூசணிக்காயா?"

"அதுல என்ன சந்தேகம்?" என்று அடுக்களையிலிருந்து அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினி, குரல் கொடுத்தாள்.

அண்ணாச்சி விடவில்லை. மூன்றாவது காயைச் சாய்வாக எறிந்தார். ஹெல்மெட் நடுவழியிலேயே கழன்று ஒரு பக்கம் போக, காய் இன்னொரு பக்கம் விழுந்து சிதறியது. "பாத்தியா? தேவையான நேரத்துல விட்டுட்டுப் போயிட்டு" என்றார். வார் மாட்டவில்லையே என்றேன். பூசணிக்காய்க்குத் தாடை இல்லாததால் மாட்ட முடியவில்லை என்பதை நீண்ட நேரம் விளக்கவேண்டியிருந்தது. மூன்று நாள் அந்த வீட்டில் பூசணிக்காய்க் கூட்டு. எனக்கும் ஒரு தூக்குவாளி வந்தது.

தூக்குவாளியைக் கொடுக்கும்போது மதினி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "தம்பி, நான் சொன்னா கேக்கமாட்டாரு. நீங்க எழுதி வைக்கிறவரு, உங்களுக்குக் கொஞ்சம் பயப்படுதாரு. அந்தத் தலைக்கு நீங்கதான் பொறுப்பு."

அன்றைக்கே டைரியில் எழுதினேன்: "அண்ணாச்சியின் தலை. பொறுப்பு: நான்."

மதினி அழுததாலோ, ஏட்டையா முறைத்ததாலோ, அண்ணாச்சி ஹெல்மெட் போடச் சம்மதித்தார். ஆனால் வாரை மாட்டமாட்டார். அதில் ஒரு தனிச் சிக்கல் இருந்தது. அருவிக்கரையில் எண்ணெய், சோப்புக்கெல்லாம் இப்போது தடை. எண்ணெய் தேய்க்காமல் அருவியில் நிற்பது குளியலே இல்லை என்பது அண்ணாச்சியின் கொள்கை. (இதற்கு மட்டும் நிரூபணம் கேட்கமாட்டார்.) அதனால் வீட்டிலேயே உச்சந்தலை முதல் கால்வரை நல்லெண்ணெயைத் தேய்த்துக்கொண்டுதான் சைக்கிளில் ஏறுவார். அந்தத் தலையில் வார் மாட்டாத ஹெல்மெட் எப்படி நிற்கும்? முதல் நாள் பழைய பஸ் ஸ்டாண்டு தாண்டும் முன்பே மூக்குவரைக்கும் இறங்கிவிட்டது. ஒரு தள்ளுவண்டிக்காரர் சத்தம் போட்டதால் தப்பித்தார்.

மறுநாளிலிருந்து நானே மாட்டினேன். தினமும் 5.30-க்கு. அவர் முகத்தை ஒரு பக்கம் திருப்புவார். "கன்னுக்குட்டிக்கு மூக்கணாங்கயிறு போடுத மாதிரில்லா போடுத" என்பார். 'டக்' என்று கொக்கி விழும். டைரியில் ஒரு வரி ஏறும். இருபத்துமூன்று நாளில் ஒரு நாளும் அந்த வரி விட்டுப்போகவில்லை.

வழியெல்லாம் வாதம்தான். (என்னை அவர் 'டைரி' என்றுதான் கூப்பிடுவார்.) "ஹெல்மெட் போட்டவனுக்குப் பயம் விட்டுப்போயிருதுலே டைரி. பயம் போனா வேகம் வருது. வேகம் வந்தா விழுதான். அப்ப விழவச்சது யாரு? ஹெல்மெட்டு." இதில் கொஞ்சம் நியாயம் இருப்பதாக எனக்கும் பட்டது. நான் படித்துப் பார்த்த வரையில், ஹெல்மெட் யாரையும் விழாமல் தடுக்காது, தோளையும் முழங்காலையும் காக்காது. விழுந்தபின் தலைக்கு வரும் அடியில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்ளும். அவ்வளவுதான். அதை அப்படியே சொன்னேன். "ஒரு பங்குன்னா எவ்வளவு? கிராம்ல சொல்லு" என்றார்.

இனி 6.52-க்கு வருகிறேன். ஐந்தருவியில் குளித்துவிட்டு, அண்ணாச்சிக்கு வாரை மறுபடி நானே மாட்டிவிட்டு, இறக்கத்தில் வந்துகொண்டிருந்தோம். ரோடு சாரலில் நனைந்திருந்தது. அண்ணாச்சி எங்கள் இருவரையும் முந்திக்கொண்டு போனார். "பயம் போச்சு, வேகம் வருது! நான் சொன்னம்லா! பாத்துக்கிடுங்க!" என்று கையை வேறு தூக்கிக் காட்டினார். அப்போது பழக்கடைப் பக்கமிருந்து ஒரு குரங்கு, யாரிடமோ பிடுங்கிய ரம்புத்தான் பழக் கொத்தோடு குறுக்கே ஓடியது. அண்ணாச்சி முன் பிரேக்கை மட்டும் பிடித்தார். சைக்கிள் நின்றது. அவர் நிற்கவில்லை. சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் தலை மோதியது.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஓடிப்போனேன். கண் திறந்திருந்தது.

"மணி என்னலே?"

"ஆறு அம்பத்திரெண்டு, அண்ணாச்சி."

"எழுதிக்கோ."

ஏட்டையா ரோட்டில் இறங்கி ஒரு ஆட்டோவை மறித்தார்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் எல்லாம் பார்த்துவிட்டு, முழங்கையிலும் தோளிலும் சிராய்ப்புதான், தலைக்கு ஒன்றுமில்லை என்றார். "ஹெல்மெட் போட்டிருந்ததால தப்பிச்சீங்க சார்."

"நிரூபிங்க."

டாக்டர் முகம் மாறிவிட்டது. டார்ச்சை எடுத்துக் கண்ணில் அடித்தார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். "வெள்ளிக்கிழமைன்னு சொல்லுதாங்க" என்றார் அண்ணாச்சி. டாக்டர் இன்னும் பயந்துபோய், "எப்பலேர்ந்து இப்படிப் பேசறார்?" என்று தகவல் தெரிந்து ஓடிவந்திருந்த மதினியைக் கேட்டார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து, டாக்டர்."

ஒரு வாரம் சைக்கிளைத் தொடக்கூடாது, தலைசுற்றலோ வாந்தியோ வந்தால் உடனே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

மாலை 4.30. அண்ணாச்சி வீட்டு முன்னறை. நடுவில், காலையில் கழற்றிய ஹெல்மெட். இடது காதுக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். உள்ளே தெர்மக்கோல் நசுங்கி மாவாகியிருந்தது.

"ஹெல்மெட்டு ஒடஞ்சுட்டு. தலை ஒடையல. அப்ப எது கெட்டி?" என்றார் அண்ணாச்சி.

"அது ஒடஞ்சதாலதான்வே இது ஒடையல!" ஏட்டையா கத்தினார். "அடிய அது வாங்கிக்கிட்டு நசுங்கிருக்கு!"

"போடாம இருந்தா ஒடைஞ்சிருக்கும்னு எப்படிச் சொல்லுதீரு? சோதனைல ஒரு பாதிதான் முடிஞ்சிருக்கு. போட்டு விழுந்தாச்சு. இனி போடாம விழணும். அதே எடம், அதே வேகம். நாளைக்குக் காலையில வச்சுக்கிடுவோம்."

ஏட்டையா சிரித்தார். மதினி சிரிக்கவில்லை. ஆய்க்குடி மூட்டை அவளுக்கும் ஞாபகம் வந்திருக்கவேண்டும். என்னைப் பார்த்தாள்.

"அதே குரங்கு வேணுமே அண்ணாச்சி?" என்று ஆரம்பித்தேன். "அதே மாதிரி விழலைன்னா சோதனை செல்லாதே."

"வால் நுனி இல்லாத குரங்குலே. அங்கனதான் சுத்திக்கிட்டு இருக்கும். ஒரு கொத்து ரம்புத்தான் வாங்கிட்டுப் போனா வந்துரும்."

எல்லாம் யோசித்து வைத்திருந்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். டாக்டர் நிரூபிக்கவில்லை என்றார். சைக்கிளைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்வதாக ஏட்டையா சொன்னார். வாடகைச் சைக்கிள் கிடைக்கும் என்றார் அண்ணாச்சி.

நான் டைரியை எடுத்து ஜூலை 12 பக்கத்தைத் திறந்து அவர் மடியில் வைத்தேன்.

"சரி அண்ணாச்சி. விழுங்க. முடிவை யாரு எழுதுவா?"

"நீதாம்லே. வேற யாரு?"

"நான் எழுதமாட்டேன்."

"ஏன்?"

"முப்பத்தோரு வருஷத்துல ஒரு நாள் விட்டதில்ல. அப்பா போன அன்னைக்கும் எழுதினேன். இத மட்டும் என்னால எழுத முடியாது. இந்தப் பக்கம் காலியாத்தான் கிடக்கும்."

அண்ணாச்சி அந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 'நிரூபி' என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. டைரியை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, "காப்பி போடுட்டி" என்று மதினியைப் பார்த்துச் சொன்னார். மதினி அசையவில்லை. நாளைக்குப் போவாரா மாட்டாரா என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. 4.50-க்கு எழுந்தேன். சுக்குக் காப்பி குடிக்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. அவர் கிளம்பும் முன் வாசலை மறித்து நிற்பதென்று முடிவு செய்து, ஹெல்மெட்டை மட்டும் தலையில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். அண்ணாச்சி என் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சைக்கிள் இல்லை. உடைந்த ஹெல்மெட் தலையில் இருந்தது, வார் இரண்டு பக்கமும் தொங்கியது. நல்லெண்ணெய் வாசனையே இல்லை.

"சும்மா நடக்கத்தாம்லே போறேன். பஜார் வரைக்கும்."

"நடக்கதுக்கு எதுக்கு அண்ணாச்சி ஹெல்மெட்டு? அதுவும் ஒடஞ்சது. ஒரு தடவை அடி வாங்கினத மறுபடி போடக்கூடாது."

"நிரூபி" என்றார். சொல்லிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், தாடையை நேராக என் பக்கம் தூக்கிக் கொடுத்தார்.

உடைந்ததை எடுத்துப் படியில் வைத்தேன். என்னுடையதைக் கழற்றி அவர் தலையில் வைத்து வாரை மாட்டினேன். 5.04. அன்றைய பக்கத்தில் நான் எழுதிய முதல் வரி அதுதான்.