சிடுமூஞ்சி மலையின் பெயரை நீக்கக் கோரி

மலை அளக்கும் ஆபீஸ் பெரிய ஐயா அவர்களுக்கு, உங்களிடம் மூணுகால் ஸ்டாண்டு சுமந்தவரின் மனைவி வணங்கி எழுதுவது. இங்கே நானும் மகளும் மருமகனும் சுகம். அங்கே உங்கள் வீட்டாரும் அப்படியே இருக்க வேண்டும்.

அவர் காய்ச்சலில் போன பிறகும் மறக்காமல், அவர் கடைசியாக நடந்த காட்டின் வரைபடத்தை அனுப்பினீர்கள், நல்லா இருப்பீர்கள். ஆனால் அது விரித்தால் சுருண்டுகொள்கிறது, ஒரு மூலைக்கு இஸ்திரிப்பெட்டி, ஒரு மூலைக்கு வாணலி, மற்ற இரண்டுக்கும் அவருடைய பூட்ஸ் என்று வைத்து விரித்தால் வீட்டில் நிற்க இடமில்லை, மருமகன் கட்டில்மேல் ஏறி நின்று படித்தவர் திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டார். என்ன என்றேன். "அத்தை, இங்க ஒரு மலைக்கு சிடுமூஞ்சின்னு பேர் போட்டிருக்காங்க" என்றார். ஐயா, கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைக் கூப்பிட்ட பேர் அது! அந்த வனாந்தரத்தில் பேர் கேட்க ஒரு குடிசைகூட இல்லை, அதனால் அவரிடமே கேட்டு எழுதினோம் என்று கூட வைத்த சீட்டில் இருக்கிறது. கேட்க வேறு ஆளே கிடைக்கலையா? அந்த இடத்தில் மட்டும் கோடெல்லாம் சீவாத தலைமுடி மாதிரி ஏன் நெருங்கிக் கிடக்கு என்று கேட்டால், "அவ்வளவு செங்குத்துன்னு அர்த்தம் அத்தை, ஏறவே முடியாது" என்கிறார் மருமகன். "அப்பா ஏறிக் குடித்தனமே நடத்தினாரே" என்று என் மகள் சிரிக்கிறாள், கண்ணைத் துடைச்சுக்கிட்டே சிரிக்கிறாள். பக்கத்து வீட்டுத் தையல்காரி வந்து "உன் மலைய எனக்கும் காட்டேன்டி"ங்கறா. நான் தெருவுல எப்படி நடக்கிறது? வருஷம் முழுக்க மலையில இருந்துட்டு, வீட்டுக்கு வந்தா தூக்கம், நான் சிடுசிடுக்காம என்ன செய்வேன்? இப்பவும் வாசல்ல பூட்ஸ் சத்தம் கேட்டா, சேத்தைத் துடைச்சிட்டு உள்ள வாங்கன்னு வாய் வரைக்கும் வந்துடுது. யாரோ தாண்டிப் போயிடறாங்க. ஆகவே அந்தப் பேரை உடனே அழித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உங்களோடு மலை ஏறுகிற பிள்ளைகள் எல்லாரும் கால் வழுக்காமல் வீடு திரும்பட்டும்.

இப்படிக்கு,
மேற்படி மலை

பின்குறிப்பு: எல்லாரும் வெளியே போனதும் விரலை வைத்துப் பார்த்தேன். அழிக்க வேண்டாம் ஐயா. அந்த மலையடியைச் சுற்றிக்கொண்டு ஒரு ஓடை போகிறது, நீலக் கோடு மட்டும் இருக்கிறது, பேர் இல்லை. நான் அவரைக் கூப்பிட்ட பேர் தூங்குமூஞ்சி. அதைப் போட்டுவிடுங்கள். ஓடுகிற தண்ணிக்கு அப்படி யார் பேர் வச்சதுன்னு உங்க ஆளுங்க கேட்டா, மலை சொன்னதுன்னு எழுதிக்குங்க.